அப்பா பெயரில் ஒரு பக்கம்

பல் தேய்க்கிறாரோ இல்லையோ, காலையில் எழுந்ததும் கோகுல்நாத் எண்ணைப் பார்த்துவிட வேண்டும். புனேயில், வானவடி ஃபிளாட்டின் சமையலறை மேடையில் ஃபோனைச் சாய்த்து வைத்துக்கொண்டு, பால் காய்வதற்குள் பார்ப்பார். உலகத்தின் ஏதோ ஒரு மூலையில் யாரோ ஒருவர் தம் ஆய்வுக் கட்டுரையில் இவருடைய கட்டுரையை மேற்கோள் காட்டினால், அந்த எண்ணில் ஒன்று கூடும். கூடியிருந்தால் காப்பிக்கு இன்னொரு ஸ்பூன் சர்க்கரை. கூடவில்லையென்றால் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டே நிற்பார். பால் பொங்கி வழிந்திருக்கும். மனைவி ராஜி அடுப்பைத் துடைத்துவிட்டுப் போவாள்.

மருந்துக்கு அடங்காத கிருமிகளைப் பற்றி முப்பது வருஷமாக ஆராய்கிறவர். எண்ணின் மேல் பைத்தியம்தான். ஆனாலும், தம் கட்டுரையில் தம்மையே மேற்கோள் காட்டி எண்ணை ஏற்றிக்கொள்ளும் வித்தை அவருக்கு வராது. இவரை மேற்கோள் காட்டியவர்களின் கட்டுரையை வரி விடாமல் படிப்பார். நடுநடுவே, “படிக்காமலே போட்டிருக்கான் பாரு” என்று முனகுவார். எதிர்வீட்டில் சண்டை என்று ராஜி வந்து சொன்னால்கூட, “யார் சொன்னா? ரெஃபரன்ஸ் இருக்கா?” என்பார். இப்படிப்பட்ட மனுஷரோடு குடித்தனம் நடத்தத் தனிப் பொறுமை வேண்டும்.

இதில் வேடிக்கை என்னவென்றால், இவருடைய பேர்போன கட்டுரைகள் இவர் பெயரில் இல்லை. இளைஞராக வெளிநாட்டில் ஆராய்ச்சி செய்தபோது, ஆய்வுப் பத்திரிகைக்காரர்கள் குடும்பப் பெயர் கேட்டார்கள். தமிழனுக்கு ஏது குடும்பப் பெயர்? புனே பள்ளிக்கூடத்தில் “ஆட்நாவ் காய்?” என்று மராத்தியில் குடும்பப் பெயர் கேட்டு டீச்சர்கள் படுத்தியெடுத்தபோது சொன்ன பதிலையே அங்கும் எழுதினார்: அப்பா பெயர். அச்சில் ‘பக்தவத்சலம் ஜி.’ என்று வந்தது. இவர் வெறும் ‘ஜி’ ஆகிப்போனார். ஊர் திரும்பிய பிறகு எழுதியதெல்லாம் ‘கோகுல்நாத் பி.’ கணினிக்கு என்ன தெரியும்? இரண்டு பேர் என்று நினைத்து இணையத்தில் ஆளுக்கொரு பக்கம் திறந்துவிட்டது. அதில் பக்தவத்சலம்தான் பெரிய விஞ்ஞானி.

அசல் பக்தவத்சலம் பிம்ப்ரியில் ஒரு மருந்துத் தொழிற்சாலையில் குப்பிகளுக்கு மூடி போட்டு ஓய்வு பெற்றவர். கல்லூரி வாசலை மிதித்ததில்லை. எண்பதைத் தாண்டிவிட்டது; மகன் வீட்டில்தான் இருக்கிறார். “நாங்க ராப்பகலா செஞ்ச மருந்து இப்பல்லாம் வேலை செய்யலேன்னு எழுதியிருக்கான். அதுவும் எம் பேருல” என்று சொல்லிச் சிரிப்பார். ஞாயிற்றுக்கிழமையானால், “இந்த வாரம் என்னை யாருடா சொல்லியிருக்கான்?” என்று கேட்பார். பிரேசில்காரன்ப்பா, ஜப்பான்காரன்ப்பா என்று மகன் வாசிக்க வாசிக்க அந்தப் பொக்கை வாய் மலர்வதைப் பார்க்க வேண்டும். இரண்டு பக்கத்தையும் ஒன்றாகச் சேர்த்துத் தொலையேன் என்று நண்பர்கள் தலைபாடாய் அடித்துக்கொண்டும் கோகுல்நாத் கேட்காததற்குக் காரணம் அதுதான்.

இந்த வருஷம் ஆய்வகத்தில் துறைத்தலைவர் பதவி காலியானது. ஓய்வு பெறுமுன் இவருக்கு இதுதான் கடைசி வாய்ப்பு. தலைவரானால், குழந்தைகள் வார்டில் எந்த மருந்து இன்னும் வேலை செய்கிறது என்று ஊர் ஊராக ஆராயலாம். பத்து வருஷக் கனவு அது. தேர்வுக் குழு அலுவலகப் பெயரான ‘கோகுல்நாத் பி.’ பக்கத்தை மட்டும்தான் பார்க்கும். அதை வைத்துக்கொண்டு போட்டியில் நிற்கவே முடியாது. சேர்த்தால் எண் எகிறும். ஆனால் பக்தவத்சலம் பக்கம் மறைந்துவிடும். மனு போட வெள்ளிக்கிழமை கடைசி நாள். வியாழன்வரை தள்ளிப் போட்டார். ஓயாமல் பேசுகிறவர் அந்த வாரம் சோற்றைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருந்தார். பார்க்கப் பொறுக்காமல் ராஜிதான் மாமனாரிடம் விஷயத்தைப் போட்டு உடைத்தாள்.

கிழவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு மகன் பக்கத்தில் உட்கார்ந்தார்.

“எனக்கு எதுக்குடா அது? நான் என்ன இனிமே வேலைக்கா மனு போடப் போறேன்?”

“இருக்கட்டும்ப்பா. பதவி வந்தா வரட்டும், வராட்டி போகட்டும்.”

“பைத்தியக்காரா. குழந்தைங்க விஷயம்னு ராஜி சொல்லுது. ஒரே ஒரு தடவை காட்டு, பாத்துக்கறேன்.”

கோகுல்நாத் பக்கத்தைத் திறந்தார். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, திரையில் இருந்த தம் பெயரை ஒவ்வோர் எழுத்தாகப் படித்து முடித்தார் கிழவர்.

“சலோ, அமுக்கு.”

கோகுல்நாத் அம்புக்குறியை ‘சேர்’ என்ற பொத்தான்மேல் கொண்டுபோய் நிறுத்தினார். மவுஸின் மேல் வைத்த விரல் வைத்தபடியே இருந்தது.  கிழவர் மகனின் கைமேல் தம் கையை வைத்து, அந்த விரலைப் பிடித்து அழுத்தினார்.