பக்கத்து நிரை

நான் செய்த வேலை என்னவென்று எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில், அந்த வரிசை வீடுகளில், யாருக்கும் விளங்கவைக்க என்னால் முடியவில்லை. கம்ப்யூட்டர் திரையில் ஜன்னல் ஜன்னலாகத் திறந்து மூடுகிறதே, அதை இயக்குகிற புரோகிராம் ஒன்றைக் கொழும்புக் கம்பனி ஒன்று எழுதிக்கொண்டிருந்தது. அதன் ஒவ்வொரு துண்டுக்கும் தலைமாட்டில், இது ஜன்னலைத் திறக்கும், இது ஜன்னலை மறைக்கும் ஆனால் மூடாது என்று ஆங்கிலத்தில் இரண்டொரு வரி விளக்கம் இருக்கும். அந்த விளக்கங்களில் முற்றுப்புள்ளி விட்டுப்போன இடத்தில் புள்ளி வைக்க வேண்டும், கமா தேவையில்லாமல் உட்கார்ந்திருந்தால் எழுப்பிவிட வேண்டும். அவ்வளவுதான் வேலை. இதை ஒருநாள் பக்கத்துக் காம்பராவில் குடியிருக்கும் சித்தியிடம் பொறுமையாகச் சொன்னேன். கொழுந்துக் கூடையை இறக்கிவைத்துவிட்டு முழுவதையும் கேட்டார்.

“புள்ளி வக்கிறதுக்கா புள்ள ஒன்ன இம்புட்டு படிக்க வச்சாங்க?” என்றார்.

எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. அதே கேள்வியை நானும் என்னிடம் தினமும் கேட்டுக்கொண்டிருந்ததுதான் காரணம்.

புரோகிராமில் ஒரு எழுத்து மாறினால் ஜன்னல் திறக்காது. கம்பனியே கூடி நின்று தேடும். விளக்கத்தில் எதை மாற்றினாலும் கம்ப்யூட்டர் கண்டுகொள்ளாது, அந்த வரிகளைத் தாண்டிப் போய்விடும். அதனால்தான் இத்தனை வருடமாக யாரும் அதைத் தொடவில்லை. ஒருவர் புள்ளியே வைக்காமல் போயிருப்பார். இன்னொருவர் ஆத்திரத்தில் மூன்று வைத்திருப்பார். இந்த விளக்கங்களைத் தொகுத்துப் போட்ட கையேட்டை வாசித்த வெளிநாட்டு வாடிக்கையாளர் ஒருவர், இதை எழுதியவர்கள் பள்ளிக்கூடம் போனவர்களா என்று கேட்டுவிட்டாராம். அந்த அவமானத்தைத் துடைக்கப் பிடித்துப்போட்ட இரண்டு பேரில் நான் ஒருத்தி. புரோகிராம் எழுதத் தெரிந்த என்னை இதில் போட்டதில் எனக்குக் கடுப்புத்தான். ஆனால் முடியாது என்று சொல்லிவிட்டுச் சும்மா இருக்கிற நிலையில் நான் இல்லை.

கொரோனாக் காலத்தில் வீட்டிலிருந்து வேலை செய்யுங்கள் என்று அனுப்பிய கம்பனி, பிறகு கட்டடத்தையே விட்டுவிட்டது. அப்படித்தான் நான் கொழும்பிலிருந்து திரும்பி வந்தேன். மலையகத்தில், டயகம பஸ்ஸில் அக்கரப்பத்தனையைத் தாண்டி இறங்கி, இன்னும் கொஞ்சம் மேடேறினால் எங்கள் லயம். அம்மா முட்டி தேய்ந்துபோய், கொழுந்து எடுக்க மலைக்குப் போவதை நிறுத்திவிட்டு, அண்ணன் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளக் கொழும்புக்குப் போய்விட்டார். அப்பா இல்லை. காம்பரா தோட்டத்துக்குச் சொந்தம். பூட்டிக் கிடந்தால் வேறு குடும்பத்துக்குக் கொடுத்துவிடுவார்கள் என்ற பயம் அம்மாவுக்கு உண்டு. அதனால் அதற்குள் யாராவது ஒரு ஆள் மூச்சு விட்டுக்கொண்டிருக்க வேண்டும். அந்த ஆள் நான்.

காலையில் வேலை பிரித்துக் கொடுக்கிற பெரட்டுக்கு ஆட்கள் கூடுகிற சத்தம் கேட்கும். கங்காணி எந்த மலை என்று சொன்னதும் பெண்கள் கூடையோடு போய்விடுவார்கள். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போய்விடுவார்கள். அதற்குப் பிறகு லயம் முழுக்க நானும் நாய்களும்தான். சாயங்காலம் எல்லோரும் திரும்பி வந்தால் குளிர், அடுப்பு, புருஷன், பிள்ளை. என்னைக் கண்டால், இன்றைக்கு வேலை இல்லையா என்பார்கள். பெரட்டுக்குப் போகாதவளுக்கு வேலை இருக்கிறது என்று யார் நம்புவார்கள்? நான் தோட்டத்து ஆளும் இல்லை, தோட்டத்து ஆபீஸில் உட்காருகிறவளும் இல்லை. எந்தப் பேச்சிலும் எனக்கு நுழைய இடம் கிடைக்கவில்லை. சின்ன வயதிலேயே வாயாடி என்று பெயர் எடுத்தவள் நான். வாயாடிக்குப் பேச ஆள் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பது அப்போதுதான் தெரிந்தது. அடுப்பில் தண்ணீர் கொதிக்கிற கேத்தலோடு பேசினேன்.

பகலில் ஒரே ஒரு குரல் எனக்கு இருந்தது. இந்த வேலைக்குப் போட்ட மற்ற ஆள் யாழ்ப்பாணத்தில் இருந்த ஓர் அக்கா. நேரில் பார்த்ததே இல்லை. கோப்புகளை ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக் கொடுத்திருந்தார்கள். ஒருவர் திருத்தியதை மற்றவர் சரிபார்த்த பிறகுதான் சேர்க்கலாம் என்பது விதி. திரையில் பார்த்துச் சரி என்று ஒரு பொத்தானை அழுத்தினால் போதும். ஆனால் முதல் நாளே அக்கா, வாசித்துக் கேட்டால்தான் பிழை பிடிபடும் என்று சொல்லிப் போன் எடுத்துவிட்டார். அன்றிலிருந்து தினமும் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு எடுத்தார். நான் வாசிப்பேன், பிறகு அவர் வாசிப்பார். புள்ளி, கமா எல்லாவற்றையும் வாயால் சொல்ல வேண்டும். எங்கள் லயத்தில் சுவர் கூரைவரை போகாது, ஒரு காம்பராவில் தும்மினால் அடுத்த காம்பராவில் கேட்கும். காய்ச்சலோடு ஒருநாள் படுத்திருந்த சித்தி, நான் புள்ளி, கமா, புள்ளி என்று ஓதுவதைக் கேட்டுவிட்டு, பிள்ளைக்கு ஏதாவது பிடித்துவிட்டதா என்று பயந்துபோனாராம்.

கமாவில் தொடங்கினாலும் பேச்சு அங்கே நிற்காது. என்ன கறி என்று கேட்பார். மழையா என்று கேட்பார். நான் “ஆமாங்க” என்றால், இந்தியப் படத்தில் கதைக்கிற மாதிரிக் கதைக்கிறீங்கள் என்று கேலி செய்வார். நானும் விடமாட்டேன், அவர் பேசுகிற மாதிரியே பேசிக் காட்டுவேன். அவருடைய கணவர் கனடாவில். இவர் போவதற்கான அனுமதி வந்தபாடில்லை. கணவரின் அண்ணன் தம்பிகள் வெளிநாட்டில் இருந்துகொண்டு கட்டிய மாடி வீட்டில், காது கேளாத மாமியாரோடு இவர் காவல். மாதக்கணக்கில் கதவு திறக்காத அறைகளும் அங்கே இருக்கின்றனவாம். ஒரு காம்பரா பறிபோகாமல் நான் காக்கிறேன், ஒரு மாளிகையில் கள்ளன் புகாமல் அவர் காக்கிறார் என்று சொல்லிச் சிரித்தோம்.

அந்த அழைப்புக்காகத்தான் நான் காலையில் தலை சீவினேன். போனில் தலை தெரியாது என்பது எனக்கும் தெரியும். மழையில் சிக்னல் அறுந்துபோன நாட்களில், மாலைவரை ஒரு வார்த்தை பேசாமல் இருந்திருக்கிறேன். அந்தக் குரல் போய்விடக் கூடாது. அப்போது எனக்கு இருந்த கவலை அது ஒன்றுதான்.

அந்தக் கவலைக்கு ஏற்ற மாதிரியே, எங்கள் பிரிவுத் தலைவர் வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி போட்டார். என் பகுதி முடியப்போகிறது, யாழ்ப்பாணப் பகுதி மட்டும் ஏன் ஊர்ந்துகொண்டிருக்கிறது என்று கேட்டிருந்தார். அக்கா பதில் சொல்லவில்லை. அடுத்த வாரம் இன்னொரு செய்தி வந்தது. இப்படியே போனால் அந்தப் பகுதிக்கு வேறு ஆளைப் போட வேண்டிவரும் என்று இருந்தது. உடனே அக்காவிடம் கேட்டேன். செய்யலாம், செய்யலாம் என்றார். அவருக்குக் கண் வலியா, மாமியாருக்கு முடியவில்லையா, ஒன்றும் சொல்லவில்லை. வெட்கப்பட்டு மறைக்கிறார் என்று நானாக முடிவு செய்துகொண்டேன்.

எங்கள் பக்கத்தில் கொழுந்து எடுக்கிற பெண்கள் தேயிலைச் செடி வரிசையில் ஆளுக்கொரு நிரை பிடித்துக்கொண்டு போவார்கள். கை வேகமுள்ளவள் தன் நிரையை முதலில் முடித்துவிடுவாள். முடித்தவள் உட்கார்ந்து வேடிக்கை பார்க்கமாட்டாள். பின்தங்கிய பக்கத்து நிரைக்காரியின் நிரையில், அந்தக் கோடியிலிருந்து இறங்கி எதிராக எடுத்துக்கொண்டு வருவாள். இருவரும் நடுவில் சந்தித்ததும், தான் எடுத்த கொழுந்தை அவளுடைய கூடையில் போட்டுவிடுவாள். எடுக்கட்டுமா என்று கேட்கிற பழக்கம் கிடையாது. நன்றி சொன்னால், என்ன புதுசா என்று முறைப்பாள். பள்ளிக்கூட விடுமுறையில் அம்மாவோடு மலைக்குப் போன காலத்திலிருந்து இதைப் பார்த்து வளர்ந்தவள் நான். பக்கத்து நிரை கிடக்கும்போது கை கட்டி நிற்க எனக்குத் தெரியாது.

என் பகுதி முடிந்தது. அடுத்து வந்த பௌர்ணமிப் போயா விடுமுறையில் உட்கார்ந்தேன். அக்காவின் பகுதியில் மிச்சமிருந்த கோப்புகளை ஒவ்வொன்றாகத் திறந்தேன். சிக்கலான கோப்புகளை எல்லாம் அவர் எப்போதோ முடித்திருந்தார், அதுவும் சுத்தமாக. மிச்சம் இருந்தது லேசான வேலை. அங்கே ஒரு புள்ளி, இங்கே ஒரு கமா. இதற்கா இந்தப் பாடு என்று ஒரு கணம் தோன்றியது, பிறகு அந்த எண்ணத்தைத் தள்ளிவிட்டேன். சாயங்காலம் ஆவதற்குள் எல்லாம் முடிந்தது. திருத்தியவர் என்ற இடத்தில் அக்காவின் பெயரைப் போட்டு, சரிபார்த்தவள் நான் என்று பொத்தானை அழுத்தினேன். எடுத்த கொழுந்து அவருடைய கூடைக்குத்தான் போக வேண்டும். அன்றைக்கு நான் சந்தோஷமாக இருந்தேன். சித்திக்குக்கூட ரொட்டி சுட்டுக் கொடுத்தேன்.

வேலை முடிந்தால் அதோடு எல்லாம் முடிந்துவிடும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. இதைச் சொன்னால் கொழும்பில் சிரிப்பார்கள். ஒரு மலையை எடுத்து முடித்தால், அடுத்த வாரம் அது மறுபடி துளிர்த்து நிற்கும், அதே பெண்கள் அதே நிரையில் போய் நிற்பார்கள். முடிந்த வேலை திரும்பி வரும் என்பதைத் தவிர வேறு எதையும் நான் இங்கே கண்டதில்லை.

மறுநாள் காலையில் குழுவில் அக்காவுக்குப் பாராட்டு. கைதட்டுகிற குட்டிப் படங்களைத் தலைவர் வரிசையாகப் போட்டிருந்தார். கீழேயே அடுத்த செய்தி. இந்த வேலை நிறைவடைந்தது, திங்கட்கிழமை முதல் நான் ஒரு குழுவுக்கு, அக்கா வேறொரு குழுவுக்கு. இரண்டு தடவை வாசித்தேன். மத்தியானம் சாப்பிட்டுவிட்டுக் காத்திருந்தேன். போன் வரவில்லை. நானே எடுத்தேன்.

“நீங்கள்தானே செய்தனீங்கள்?” என்று அக்கா கேட்டார். குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் நான் திருப்பிச் சண்டை போட்டிருப்பேன்.

ஆமாம் என்றேன். நிரை பிடிக்கிற கதையை எல்லாம் சொன்னேன். வேறு ஆளைப் போட்டுவிடுவார்கள் என்று பயந்ததையும் சொன்னேன். நல்லதுதானே செய்திருக்கிறேன் என்ற தோரணையில்தான் பேசினேன். அந்தப் பெரிய வீட்டில் மின்விசிறி சுற்றுகிற சத்தம் மட்டும் கேட்டது.

“நான் செய்ய ஏலாமல் விடேல்லை,” என்றார். “அது ஒரு நாள் வேலை எண்டு எனக்கும் தெரியும். வேணுமெண்டுதான் மிச்சம் வைச்சிருந்தனான்.”

எதற்கு என்று கேட்டேன்.

“அதுவும் முடிஞ்சா, என்ன சாட்டுச் சொல்லி உங்களோட கதைக்கிறது?”

நான் வழக்கம்போல் கோபத்தில் இறங்கினேன்.

“பேசுறதுக்கு எதுக்குக்கா சாட்டு? சும்மா எடுத்தா நான் பேச மாட்டேனா?”

“எனக்குச் சும்மா எடுக்கத் தெரியாது,” என்றார். மாமியார் கூப்பிடுகிறார் என்று சொல்லி வைத்துவிட்டார்.

இவ்வளவுதானே, நாளைக்கு நான் எடுக்கிறேன், எடுத்துக் காட்டுகிறேன் என்று சபதம் எடுத்தேன். மறுநாள் போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். சாப்பிட்டீங்களா என்று கேட்கலாம். சாப்பிட்டன் என்பார். அதற்குப் பிறகு? வேலை இருந்த நாட்களில் இந்தக் கேள்வி எனக்கு வந்ததே இல்லை. இப்போது ஒவ்வொரு வாக்கியத்தையும் ஒத்திகை பார்த்தேன், எல்லாமே அசட்டுத்தனமாக இருந்தது. படித்த குடும்பம், மாடி வீடு, கனடா என்று அதுவரை பேச்சில் வராத வித்தியாசமெல்லாம் வரிசையாக வந்து நின்றது. எனக்கும் சும்மா எடுக்கத் தெரியவில்லை. அவருக்கு மட்டும்தான் அந்தக் குறை என்று எகிறியதை நினைத்தபோது உடம்பு கூசியது.

திங்கட்கிழமை வந்தது. புதிய குழுவில் யாரும் பேசுவதில்லை, எல்லாம் எழுத்தில்தான். வேலை நல்ல வேலை, நான் கேட்டுக்கொண்டிருந்த வேலை. புரோகிராம் எழுதினேன், ஓடியது, நன்றாக இருக்கிறது என்று யாரோ எழுதினார்கள். மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் காது தானாகப் போன் பக்கம் போகும். ஒருநாள், இரண்டு நாள் என்றில்லை. அந்த மாதம் முழுக்க அப்படித்தான் போனது. அவரும் எடுக்கவில்லை. எனக்கு அழுகை வந்தது, அழுதேன். பகலில் லயத்தில் யாரும் இல்லாததால் சத்தமாகவே அழ முடிந்தது.

ஒரு புதன்கிழமை மழை பிடித்துக்கொண்டு விடாமல் பெய்தது. மலைக்குப் போன பெண்கள் திரும்பவில்லை. என்ன சொல்வது என்று யோசிக்கத் தொடங்கினால் இன்றைக்கும் எடுக்கமாட்டேன் என்று தெரிந்தது. யோசிக்காமல் எண்ணை அழுத்திவிட்டேன். மணி ஒழுங்காக ஒருமுறை அடிக்கவில்லை, அதற்குள் எடுத்துவிட்டார்.

“சொல்லுங்கோ,” என்றார்.

வாய் திறந்தேன். கூரைத் தகரத்தில் மழை கொட்டுகிற சத்தம்தான் அவருக்குக் கேட்டிருக்கும். வெட்கத்தில் போனை வைத்துவிடலாம் என்றுகூட நினைத்தேன்.

“ஒன்னுமில்லக்கா,” என்றேன்.

அந்தப் பக்கம் ஒரு நாற்காலி இழுபடுகிற சத்தம் கேட்டது.

“சரி,” என்றார் அக்கா. “அப்ப வைக்காதேங்கோ.”