நெருப்பக்காவின் பெரியவர்

ஆட்காட்டி விரலைத் திரையில் ஒட்டி, உதடு அசைய, நெருப்பக்கா கட்டம் எண்ணிக்கொண்டிருக்கிறார். கறுப்புத் திரை, பச்சை எழுத்து, மவுஸ் கிடையாது. எரிபொருளின் பெயர் முதல் கட்டத்தில் தொடங்க வேண்டும்; காற்றின் அளவு இருபதாவது கட்டத்தில் முடிய வேண்டும். ஓரிடம் பிசகினால் ஒன்று பத்தாகிவிடும். போன வருடம் அப்படிப் பிசகியதில் ஒரு ரொட்டி அடுப்பு சூரியனோடு போட்டி போட்டது. "எண்ணும்போது பேச்சுக் குடுக்காதீங்கப்பா, அப்புறம் நான் பொறுப்பில்ல" என்பார்.

உலைகளுக்கும் கொதிகலன்களுக்கும் பர்னர் வடிவமைக்கும் அலுவலகம் அது. எதை எவ்வளவு காற்றில் எரித்தால் சுடர் எத்தனை டிகிரி சுடும், புகையில் என்னென்ன வாயு மிஞ்சும் என்று சொல்வது அவர் வேலை. கணக்கைப் போட்டுத் தருவது அவரைவிடக் கொஞ்சமே இளைய ஒரு மென்பொருள். அதற்குப் 'பெரியவர்' என்று பெயர் வைத்திருக்கிறார். தனக்கு வியர்த்தாலும் மின்விசிறி மேசைக்கடியில் முனகும் பெரியவரின் பெட்டிக்குத்தான்.

பெரியவரிடம் ஒரு குணக்கேடு உண்டு. எரிபொருளைக் கொட்டிக் காற்றைக் குறைத்தால், கரி மிஞ்சுகிற இடத்தில் திணறி நின்றுவிடுவார். 'இதற்கு மேல் நீங்களே பார்த்துக்கொள்ளவும்' என்று ஒரு வரி வரும். எழுதியவன் எந்தக் கடுப்பில் எழுதினானோ! "அவருக்கு மூக்குக்கு மேல கோபம் வரும். ஆனா பொய் சொல்ல மாட்டாரு" என்று நெருப்பக்கா பரிந்து பேசுவார். ஊர் அடுப்புக்கெல்லாம் சூடு சொல்கிறவர் வீட்டில் பால் தினமும் பொங்கி வழிகிறது. "எப்பப் பொங்கும்னு உன் பெரியவரைக் கேட்டுட்டு வச்சிருக்கலாமே" என்றபடி கணவர் துடைப்பார்.

புதிதாக வந்த மேலாளருக்குப் பெரியவரைக் கண்டாலே ஆகாது. வண்ணப்படம் காட்டும் புது மென்பொருள் வாங்கப் போகிறோம், கையெழுத்தான கையோடு பழைய பெட்டி பழைய இரும்புக்குப் போய்விடும் என்று சொல்லிவிட்டார். அந்த வாரம் முழுக்க நெருப்பக்காவுக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. கூடப் பிறந்தவரை வீட்டைவிட்டு அனுப்புகிற துக்கம் அது.

விற்பனையாளர் வந்தார். திரையில் சுடரைச் செக்கச் செவேலென்று சுழலவிட்டார். மேலாளர் வாயைப் பிளந்தார். பேனாவின் மூடியைத் திறந்தும்விட்டார். வாசலில் தள்ளுவண்டி தயாராக நின்றது.

"ஒரே ஒரு கணக்குப் போட்டுப் பாத்துடலாமா தம்பி?" என்றார் நெருப்பக்கா. இந்தப் பூனையும் பால் குடிக்குமா என்கிற முகம். "எரிபொருளைக் கொஞ்சம் தாராளமாப் போடுங்க. இன்னும் போடுங்க. இப்பக் காத்தைக் குறைங்க."

சுழன்ற சுடர் அப்படியே நின்றது. மூலையில் சின்னதாக ஒரு வரி எட்டிப் பார்த்தது: 'இதற்கு மேல் நீங்களே பார்த்துக்கொள்ளவும்.'

"வாங்க பெரியவரே" என்றார் நெருப்பக்கா. "புதுச் சட்டை நல்லா இருக்கு."

விற்பனையாளர் தொண்டையைச் செருமினார். "உள்ள கணக்குப் போடுறது பழைய புரோகிராம்தான் மேடம். நாங்க முகப்பு மட்டும் மாத்தியிருக்கோம்."

"அப்ப நம்ம ரூம்ல இருக்கறது?" என்று மேலாளர் கேட்டார்.

"அதேதான் சார்."

நெருப்பக்கா, மேலாளரின் விரலிடுக்கில் திறந்தபடி நின்ற பேனாவை மெல்ல உருவி, மூடியை அழுத்திப் போட்டு, அவர் சட்டைப்பையிலேயே செருகிவிட்டார்.