முதலில் நாங்கள் செய்தது

எனக்கு மைக் என்றால் கொள்ளை ஆசை. டொரன்டோவில் எந்தத் தமிழ்க் கூட்டத்திலும் இரண்டு நிமிடம் கேட்டு இருபது நிமிடம் பேசிவிடுவேன். டோர்செட் பார்க்கில் எங்கள் மாடிக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் கறுப்பினத்தவர்கள் நடத்திய கூட்டத்துக்கும் பேச்சோடுதான் போனேன்.

இந்த நகரத்தைத் தொடக்கிய பெரிய மனிதர்களில் சிலர் அடிமைகள் வைத்திருந்தவர்கள். தெருக்களுக்கு அவர்களுடைய பெயர்கள் இருக்கின்றன. அடிமைகளின் பெயர்களைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். நகரசபை இதை ஒப்புக்கொள்ள வேண்டும், பள்ளிக்கூடங்களில் படிப்பிக்க வேண்டும், பரிகாரம் என்ன என்பதை அநியாயம் நடந்த தாங்களே தீர்மானிக்க வேண்டும் என்று அந்தக் குழு கேட்டது. வெளியாட்கள் சேர ஒரே நிபந்தனை. உங்கள் சனத்துக்கு நடந்ததைச் சொல்ல முதல், உங்கள் சனம் செய்ததைச் சொல்ல வேண்டும்.

அதை நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. எரிந்த வீடு, பதுங்குகுழி, அகதி விண்ணப்பம் எல்லாம் சொல்லி, "நாங்கள் யாரையும் அடிமைப்படுத்தியவர்கள் அல்ல" என்று முடித்தேன். கைதட்டுவார்கள் என்று பார்த்துக்கொண்டு நின்றேன்.

குழுவில் ஏற்கெனவே ஒரு தமிழ்ப் பெண் இருந்தார். ஒன்பதாம் மாடிக்காரர், முதியோர் இல்லத்தில் வேலை. என் ஊர்தான் என்று தெரியும்; யாருடைய மகள் என்று அன்றுதான் தெரிந்தது. எழும்பாமலே கேட்டார்.

"அண்ணை, உங்கட தோட்டத்தில வேலை செய்த என்ர அப்பாவுக்கு என்னத்தில தண்ணி வாத்தனீங்கள்?"

தேங்காய்ச் சிரட்டையில். எட்டு வயதில் நானே வார்த்திருக்கிறேன், கை பட்டுவிடாமல் செம்பை உயர்த்திப் பிடித்து. அதற்கும் வெகுகாலம் முந்தி யாழ்ப்பாணத்தில் நாங்கள் ஒடுக்கிய சாதியாரையே அடிமைகளாகச் சீதனத்தில் எழுதிக் கொடுத்ததும் எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டுதான் மைக்கைப் பிடித்தேன். வெட்கமாக இருந்தது. அவர்மேல் கோபமும் வந்தது, பொய் சொல்வானேன்.

கேள்வியையும் பதிலையும் ஆங்கிலத்தில் சபைக்குச் சொல்லி மன்னிப்பும் கேட்டேன். கூட்டத்தை நடத்திய கறுப்பினப் பெண்மணி இல்லை என்று தலையை ஆட்டினார்.

"எங்களிடம் ஏன் கேட்கிறீர்கள்? நகரசபைக்கும் நாங்கள் இதைத்தான் சொல்கிறோம். பரிகாரம் என்ன என்று அநியாயம் நடந்தவர்கள்தான் சொல்ல வேண்டும்" என்று ஒன்பதாம் மாடிக்காரரைக் காட்டினார்.

அவர் அப்போதுதான் எழும்பினார்.

"மன்னிப்பை விடுங்கோ அண்ணை. ஞாயிற்றுக்கிழமை உங்கட வீட்டுக்குச் சாப்பிட வாறன். உங்கட அம்மாவுக்குப் பக்கத்தில இருந்து சாப்பிடோணும். அது காணும், வேற ஒண்டும் வேண்டாம்."

அம்மாவுக்கு எண்பத்தாறு வயது, என்னோடுதான் இருக்கிறா. அவவிடம் எப்படிச் சொல்வது, யார் என்று சொல்வது, சொல்லாமலே விட்டால் என்ன என்று என் மனம் ஓடத் தொடங்கியது. ஐந்து நிமிடத்துக்கு முன்தான் சபையில் மன்னிப்புக் கேட்டிருந்தேன். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஓம், வாங்கோ" என்று நான் வாய் திறந்தபோது, அவர் குளிர்கோட்டைப் போட்டு வாசல்வரை போயிருந்தார்.