பூஸ்டர் ஒயரில் நான் செய்யாத குறும்பு

செய்யாத குறும்புக்காக நான் அடி வாங்கியது ஒரே ஒருமுறைதான். செய்துவிட்டுத் தப்பியவை ஏராளம் என்பதால் அதைப் பெரிதாகச் சொல்லிக்கொள்வதில்லை.

அப்போது பெங்களூர் ஆஸ்டின் டவுனில் இரண்டு அறை வீட்டில் இருந்தோம். கல்யாணமாகாத சித்தப்பாவும் எங்களோடுதான். அம்மா படுத்த படுக்கையாகிவிட்ட வருஷம் அது. டிசம்பரில் மெட்ராஸிலிருந்து மாமாவின் கடிதம் வந்தது. கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் சாயங்காலம் மெட்ராஸ் டிவியில் பாடகர் குழுவோடு வயலின் வாசிக்கிறாராம், அக்கா பார்க்க வேண்டுமாம். அம்மா தன் தம்பியைப் பார்த்துப் பத்து வருஷமாகியிருந்தது. கல்யாணத்தன்று கோயில் வாசலில் நின்று, "இந்த ஆளுக்கா எங்கக்கா?" என்று கேட்டுவிட்டார் மாமா. அன்றிலிருந்து அவர் பேரைக்கூட அப்பா வீட்டுக்குள் விடவில்லை.

பெங்களூரில் மெட்ராஸ் டிவி சும்மா வராது. ரேடியோ ரிப்பேர் கடையில் வேலை பார்த்த சித்தப்பா மாடியில் நீளக் குழாய் ஒன்றை நட்டு, உச்சியில் ஆன்டெனாவையும் அதன் கீழே, மங்கலாக வரும் படத்தைக் கூட்டித் தரும் பூஸ்டரையும் கட்டினார். டிவிக்குப் பின்னால் சிவப்பு விளக்கு வைத்த சின்னப் பெட்டி. அந்தப் பெட்டியிலிருந்து பூஸ்டருக்குக் கரண்ட் மேலே போகும். மேலிருந்து படம் கீழே வரும். இரண்டுக்கும் ஒரே ஒயர். நடுவழியில் முட்டிக்கொள்ளாதா என்று கேட்டேன்.

"நம்ம சந்துல எதிரும் புதிருமா ரெண்டு சைக்கிள் போகல? அப்படித்தான்."

பிறகு எல்லாரையும் கூட்டி வைத்து எச்சரித்தார். "பெட்டிய ஆஃப் பண்ணாம யாரும் ஒயர கழட்டக் கூடாது. நடுவுல ஒரு கம்பி, சுத்தி செம்பு வலை. வலையில ஒரே ஒரு நூலு கம்பியத் தொட்டாலும் ஷார்ட்டு. லைட்டு அணைஞ்சிரும், பெட்டி வெந்து போயிடும். கேட்டுச்சா வாலு?"

கடைசிக் கேள்வி எனக்கு. அப்பா சுவரில் சாய்ந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

மாமா வாசிப்பதற்கு முந்தின நாள் போட்டுப் பார்த்தபோது படம் பளிச்சென்று வந்தது. அம்மா தலை வாரிவிடச் சொன்னாள். அத்தனை நாளும் சீப்பைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொண்டவள்.

மறுநாள் மதியம் நான் உள்ளே வந்தபோது அப்பா டிவிக்குப் பின்னால் குந்தியிருந்தார். என்னப்பா தேடுறே என்றேன். "சீப்பு," என்றார். சீப்பு என் தலையில் செருகியிருந்தது.

சாயங்காலம் அம்மாவைத் தலையணை அண்டக்கொடுத்து உட்கார வைத்தோம். டிவியைப் போட்டால் அரிசியைக் கொட்டினாற்போல் திரை முழுக்கப் புள்ளி. பெட்டியில் சிவப்பு இல்லை, கருகிய வாடை. சித்தப்பா பிளக்கைப் பிடுங்கிவிட்டு ஒயர் முனையைப் பிரித்தார். ஒரு செம்பு நூல் நடுக்கம்பியை இரண்டு சுற்றுச் சுற்றியிருந்தது. தானாக விலகிய நூல் அப்படிச் சுற்றாது.

"அண்ணே, இது யாரு கை வேல?"

அப்பா வாசலைப் பார்த்தார்.

அம்மா என்னைக் கிட்டே இழுத்துக் காதில் சொன்னாள். "நீதான்னு சொல்லிருடி."

"நான் இல்லம்மா!"

"தெரியும். சொல்லு."

சொன்னேன். சித்தப்பா என்னைப் பார்க்கவில்லை, அம்மாவைத்தான் பார்த்தார். அப்புறம் என் முதுகில் ஒன்று வைத்தார். வலிக்கவேயில்லை. வேறு பெட்டி வாங்க ஓடினார். பண்டிகைக்காகக் கடைகளைச் சீக்கிரமே சாத்தியிருந்தார்கள்.

மாமா வாசித்த அரைமணி நேரமும் அம்மா அந்தப் புள்ளிகளையே பார்த்திருந்தாள். "அதோ மூலையில குண்டா ஒரு புள்ளி ஆடுது பாரு, அதான் உங்க மாமன்," என்றாள். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அப்பா எழுந்து வெளியே போனார்.

மறுநாள் அவர் ஒரு முழுக் கேக் வாங்கி வந்து எனக்கே எனக்கென்று கொடுத்தார். செய்யாததற்கே இது என்றால் செய்ததற்கு என்ன கிடைக்குமோ என்று யோசித்தேன். பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம், பொய் சொன்னேன் என்றேன். யாருக்காக என்று அவர் கேட்கவில்லை.

தவக்காலத்தில் அம்மா போய்விட்டாள். அதன் பிறகு எனக்குச் சோறாக்கிப் போட்டு வளர்த்தது அப்பாவும் சித்தப்பாவும்தான், ஒரே வீட்டில், ஒரு சண்டையில்லாமல். தன் தம்பி முகத்தைவிட அம்மாவுக்கு அன்று அதுதான் பெரிதாக இருந்திருக்கிறது. எனக்கோ, கேக்கில் திராட்சை குறைவு என்பதுதான் வருத்தம்.