நான் தின்ற கோழிகளும் நாட்டின் வளமும்

போன ஞாயிற்றுக்கிழமை கோழிக்கடை வரிசையில் முக்கால் மணி நேரம் நின்றுவிட்டு வீடு திரும்பினேன். மசாலா வதங்கும் வாசனையில் சொக்கி உட்கார்ந்திருந்தபோது, பேத்தி போனில் ஒரு கோட்டு வரைபடத்தைக் காட்டினாள். "தாத்தா, ஒரு நாடு பணக்கார நாடா ஆக ஆக, ஜனங்க கறி அதிகமா துன்னுவாங்களாம். கோடு எப்படி மேல போவுது பாரு."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஒரு காலத்தில் நகரிப் பக்கம் அந்தக் கோட்டைத் தனி ஆளாகத் தூக்கி நிறுத்தியவன் நான். அவளிடம் சொன்னால் நம்பமாட்டாள். நீங்கள் நம்புவீர்கள்.

ஆந்திரா தனி மாநிலமாகிச் சில வருஷங்கள்தான் ஆகியிருந்தன. எந்த ஊர் ஆந்திராப் பக்கம், எந்த ஊர் மெட்ராஸ் பக்கம் என்று பேச்சு நடந்துகொண்டிருந்தது. திருப்பதியில் ஒரு கணக்கெடுப்பு ஆபீசில் எனக்கு வேலை கிடைத்தது. தமிழும் தெலுங்கும் பேசுவேன் என்பதைத் தவிர எனக்கு வேறு தகுதி இல்லை. வீடு வீடாகப் போய், என்ன சாப்பிடுகிறார்கள் என்று படிவத்தில் எழுதவேண்டும். சூப்பர்வைசர் படிவக் கட்டைக் கொடுத்தபோது சொன்னார்: "ஏமய்யா, கறிக் கேள்வியை மட்டும் விட்டுடாதே. கையில நாலு காசு வந்தா ஜனம் முதல்ல கறிதான் வாங்கும். கறியை எண்ணினா வளத்தை எண்ணின மாதிரி."

என் கறி நிலவரம் அப்போது பரிதாபமாக இருந்தது. நான் வாடகைக்கு இருந்த அறையின் சொந்தக்காரர் முட்டையைக்கூட வாசலுக்குள் விடமாட்டார். ஞாயிறுதோறும் ரயிலேறி ரேணிகுண்டாவுக்குப் போய், ஒரு மெஸ்ஸில் ஆட்டுக்கறி தின்றுவிட்டு, சோப்புப் போட்டு மூன்று முறை கை கழுவித் திரும்புவேன். அத்தை வீட்டுக்குப் போனதாகச் சொல்லிவைத்திருந்தேன். இல்லாத அந்த அத்தையின் உடல்நலத்தை அவர் வாராவாரம் அக்கறையோடு விசாரிப்பார்.

இப்படிக் காய்ந்துகிடந்தவன் நகரிப் பக்கத்து நெசவாளர் கிராமங்களுக்குப் போய், நாக்கில் நீர் ஊற, "கடைசியா எப்போ கோழி அடிச்சீங்க?" என்று கேட்டால் என்ன ஆகும்? கேட்ட வீட்டிலெல்லாம் அன்றைக்கே கோழி அடித்தார்கள். போதாக்குறைக்கு, நான் எல்லை பிரிக்க வந்த ஆபீசர் என்று யாரோ கிளப்பிவிட்டிருந்தார்கள். "எங்க ஊர எந்தப் பக்கம் சார் போடப் போறீங்க?" என்பார்கள். அது என் வேலை இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வாயில் எலும்பு இருந்தது. தின்று முடித்ததும் படிவத்தை எடுத்து, கடைசியாகக் கறி சாப்பிட்ட நாள் என்ற இடத்தில் நேர்மையாக 'இன்று' என்று எழுதுவேன்.

சூப்பர்வைசருக்கு ஒரே ஆச்சரியம். "நெசவாளிங்க வீட்ல இவ்வளவு கறியா? பரவால்லையே!" நாடு முன்னேறுவதாக நானும் நிஜமாகவே நம்பினேன். என் இடுப்பும் முன்னேறியிருந்தது.

பிறகு ஒரு நாள் கன்னியம்மா வீட்டுக்குப் போனேன். அவள் கணவனுக்கு ஒற்றைத் தறி. மகள் நிறைமாதமாகப் பிரசவத்துக்குத் தாய்வீடு வந்திருந்தாள். நான் வழக்கமான கேள்வியைக் கேட்டேன். வழக்கம்போல் கோழி வந்தது. தொடைத் துண்டு இரண்டும் என் இலைக்குத்தான். பின்பக்கம் கை கழுவப் போனபோது சுவருக்கு அந்தப் பக்கம் மகளின் குரல் கேட்டது.

"இனிமே முட்டைக்கு இன்னாம்மா பண்றது? இருந்தது அது ஒண்ணுதானே."

"சும்மா இரு. ஆபீசரு வாய் தொறந்து கேட்டுட்டாரு. இல்லன்னு எப்படிச் சொல்றது?"

சொம்பைப் பிடித்தபடி அப்படியே நின்றேன். நான் எங்கே கேட்டேன் என்று முதலில் கோபம் வந்தது. பிறகு நான் கேட்ட கேள்வியை எனக்குள்ளேயே ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். அதற்கு மேல் அந்த வீட்டில் உட்கார முடியவில்லை. படிவத்தை நிரப்பாமலே புறப்பட்டுவிட்டேன்.

மறுநாள் சூப்பர்வைசரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். வேலை போய்விடும் என்றுதான் நினைத்தேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார். "இது நாடு வளர்ந்த கணக்கு இல்லய்யா, நீ வளர்ந்த கணக்கு!" என்று என் படிவங்களையெல்லாம் கிழித்தார். "எல்லா வீட்டுக்கும் மறுபடி போ. சோறு கட்டிக்கினு போ!"

புளிசாதம் கட்டிக்கொண்டு போனேன். வழியில் புத்தூர்ச் சந்தையில் கன்னியம்மாவுக்காகக் கொழுத்த பெட்டைக்கோழி ஒன்று வாங்கினேன். அவள் அதைத் தலைகீழாகத் தூக்கி, அடிவயிற்றை அழுத்திப் பார்த்தாள்.

"இது கெழட்டுக் கோழி சார். முட்ட வெக்கிறத வுட்டு ரொம்ப நாளாச்சி. கோழி வாங்கத் தெரியாதவரு கோழி எண்ண வந்துட்டீங்களே!"

மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். எனக்குக் கொஞ்சம் உயிர் வந்தது. "சரி, கொழம்புக்கு ஆவும், உக்காருங்க" என்றாள் கன்னியம்மா. புளிசாத மூட்டையைத் தூக்கிக் காட்டிவிட்டு ஓடியே வந்துவிட்டேன். அடுத்த மாதம் அந்தப் பக்கம் போனபோது தூளியில் ஒரு பெண்குழந்தை கத்திக்கொண்டிருந்தது. பிள்ளை பெற்றவளுக்கு என் கோழியைத்தான் அடித்துச் சாறு வைத்துக் கொடுத்தார்களாம்.

அன்றைக்குத்தான் அந்தத் தெருவின் கணக்கு சரியாக வரவில்லை என்று கவனித்தேன். எனக்காக அடித்ததையும் நான் வாங்கிக் கொடுத்ததையும் தள்ளிவிட்டு, கடைசியாக எப்போது கறி என்றால், பன்னிரண்டு வீட்டிலும் கெங்கம்மா கோயில் ஜாத்திரைக்கு என்றார்கள். ஆனால் கோழி அடித்ததாகச் சொன்னது ஐந்தே வீடு. மீதி ஏழு வீட்டார் பொய் சொல்கிறார்களா என்று கன்னியம்மாவிடம் கேட்டேன்.

"அடிச்சது அஞ்சு வூடு சார். துன்னது பன்னெண்டு வூடும். அடிச்ச வூட்ல இருந்து பக்கத்து வூட்டுக்குக் கொழம்புக் கிண்ணம் போவாதா பின்ன?"

கிண்ணத்துக்குப் படிவத்தில் இடம் இல்லை. எழுதாமல் விட்டுவிட்டேன்.

இப்போது சித்தூரில் நான் இருக்கும் கட்டிடத்திலும் பன்னிரண்டு வீடுகள். போன ஞாயிறு பன்னிரண்டிலும் கறிதான். வாசனையெல்லாம் மாடிப்படியில் ஒன்றாகக் கலந்து நின்றது. கதவுகள் சாத்தியிருந்தன. எங்கள் வீட்டுக்கு யார் கிண்ணமும் வரவில்லை. நாங்களும் மிச்சக் குழம்பை மூடி பிரிட்ஜில் வைத்துவிட்டோம்.