கம்பி வேலிக்குள் போன மனை

தஞ்சாவூரில் எங்கள் வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் நடுவே ஒரு காலிமனை, முழுக்கச் சீமைக்கருவேலமும் குப்பையுமாகக் கிடந்தது. அங்கிருந்து வந்த பாம்பு கடித்துப் பக்கத்து வீட்டு அக்காவின் கணவர் இறந்துபோனார். காரியம் முடிந்ததும் அக்கா அரிவாளோடு உள்ளே இறங்கினார். தெருவே பின்னால் போனது. மனை சுத்தமாகி, பிள்ளைகள் பந்து விளையாடினார்கள்.

அடுத்த மாதமே ஆளுங்கட்சி வட்டச் செயலாளர் பட்டாவும் கையுமாக வந்து கம்பி வேலி போட்டார்.

"இத்தனை வருஷம் எங்கங்க இருந்தீங்க?" என்று அக்கா கேட்டார்.

"முள்ளுக்குள்ள எப்படிம்மா அளக்கிறது? நீங்க வெட்டினது வசதியாப் போச்சு" என்று சிரித்தார்.

அவர் எதுவும் கட்டவில்லை. மழையில் முள் மறுபடி கிளம்பியது. வேலிக்குள் போய் வெட்ட எங்களுக்கு உரிமை இல்லை. அக்கா அந்தப் பக்கத்து ஜன்னலைச் செங்கல் வைத்து அடைத்துவிட்டார்.