அண்ணா செதுக்கிய கொல்லைக் கதவு

எங்கள் அண்ணா மறைந்து ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலரில் நல்லவர், பொறுமைசாலி என்று எழுதச் சொன்னார்கள். நல்லவர்தான். பொறுமை எங்களுக்குத்தான் தேவைப்பட்டது.

திருத்தணியில் நெசவுக் குடும்பத்தில் பிறந்தார். சென்னையில் ஓவியம் படித்துவிட்டு ஊருக்கே திரும்பி, பள்ளியில் டிராயிங் மாஸ்டராகச் சேர்ந்தார். பலகையில் படம் செதுக்கி, மை தடவி, தாளை வைத்துக் கரண்டி முதுகால் தேய்த்து எடுப்பார். மலைக்கோயில் கண்ணெதிரே இருக்க, அவர் செதுக்கியதெல்லாம் அரக்கோணம் ரயில் யார்டின் தண்ணீர்த் தொட்டி, சிக்னல் கம்பம், மின்கோபுரம். அவற்றையும் உள்ளபடி செதுக்காமல் கட்டமும் கோடுமாக உடைத்துவிடுவார். முருகன் படம் கேட்ட உறவினர்களிடம், “சாமிக்கு நெறைய பேர் இருக்காங்க. தண்ணித் தொட்டிக்கு யார் இருக்காங்க?” என்பார். அவர்களைச் சமாதானப்படுத்துவது என் வேலை.

பள்ளிப்பட்டில் வாழ்க்கைப்பட்ட நான் ஒருமுறை தாய்வீடு வந்தபோது, கொல்லைக் கதவு இருந்த இடத்தில் சாக்கு தொங்கியது.

“கதவு எங்கண்ணா?”

“படமா ஆகினு இருக்கும்மா. இவ்ளோ அகலத்துல ஒரே பலகை வேற எங்க கெடைக்கும்?”

சென்னை ரயிலிலிருந்து தெரியும் மின்நிலையப் புகைபோக்கிகளை அதில் செதுக்கிக்கொண்டிருந்தார். அந்த வாரமே ஒரு ஆடு சாக்கை விலக்கிக்கொண்டு உள்ளே வந்து, நைனாவின் தறியில் பூட்டியிருந்த கஞ்சி போட்ட பாவு நூலை மென்றுவிட்டது.

“நைனா வேலையே போச்சு, தெரியுதாண்ணா?” என்றேன்.

“தெரியுதும்மா. இன்னும் ஒரு புகைபோக்கிதான் பாக்கி.”

ஆனால் மூன்று நாள் தறியில் குனிந்து உட்கார்ந்து, அறுந்த இழைகளை ஒவ்வொன்றாகப் பிணைத்தவரும் அவர்தான். அப்படியும் நைனா அவரிடம் பேசவில்லை. மாதக்கணக்கில் இருவருக்கும் நடுவே நான் தூது போனேன்.

அந்தப் படத்தைச் சென்னையில் ஒரு கண்காட்சியில் மாட்டினார்கள். நைனாவை வற்புறுத்தி ரயிலேற்றினேன். கதவு மரத்தின் ரேகையும் கணுவும் தாளில் அப்படியே பதிந்திருந்த படத்தின் முன் வெகுநேரம் நின்றார்.

“இந்தக் கணுவ பாரும்மா. புகை மாரியே சுத்திகினு நிக்குது. நல்ல மரம்னு பாத்துதான் வாங்கினேன்,” என்று என்னிடம் சொன்னார். பிறகு அண்ணாவிடம் திரும்பி, “சாப்டியாடா?” என்றார்.

“இல்ல நைனா.”

இருவரும் ஓட்டல் தேடிப் போய்விட்டார்கள். நானும் சாப்பிடவில்லை என்பது யாருக்கும் தோன்றவில்லை.

கடைசி நாட்களில் சென்னை மருத்துவமனையில் இருந்தார். எதிரே ஒரு கட்டடம் எழும்பிக்கொண்டிருந்தது. கட்டிலை ஜன்னல் பக்கம் திருப்பச் சொல்லி அடம்பிடித்தார். “மொதல்ல கஞ்சிய குடிண்ணா,” என்றேன். “சாரம் பிரிச்சிட்டா பாக்க முடியாதும்மா,” என்றார். சாரம் பிரிப்பதற்கு முன்பே அவர் போய்விட்டார்.

இரவு பகலாகப் பார்த்துக்கொண்ட அண்ணிக்கும், ரத்தம் கொடுத்த சக ஆசிரியர்களுக்கும், முணுமுணுத்துக்கொண்டே கட்டிலைத் திருப்பிவிட்ட வார்டு ஊழியருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

கடைசிப் பக்கத்தில் இருப்பது அண்ணாவின் தண்ணீர்த் தொட்டி. அது தலைகீழாக அச்சாகிவிட்டதா என்று மெய்ப்புப் பார்த்தவர்களில் இதுவரை நான்கு பேர் கேட்டுவிட்டார்கள். இல்லை. அப்படித்தான் பார்க்க வேண்டும். கொஞ்ச நேரம் பாருங்கள்.